ஏழு மீற்றர் கதவு: வடதிசைச் சிறுகப்பல் நாட்குறிப்பு

ஏப்ரல் 12

இந்த வருடம் மூன்று நீர்வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். சுவீடனைக் குறுக்கே வெட்டிப் போகும் யோத்தா கால்வாய், ஸ்கொட்லாந்தின் கலிடோனியன் கால்வாய், நோர்வேயின் பேர்கன்–சிர்க்கனஸ் கரையோரக் கப்பல். முதலாவது வரைபடத்தில் கோத்தா என்று இருக்கும். சுவீடிஷ்காரர் அதை யோத்தா என்றுதான் சொல்வார்கள்.

கப்பல் நிறுவனங்களின் புத்தகங்களில் முதலில் சாப்பாட்டு மேசைப் படம் வரும், கப்பலின் அளவு கடைசிப் பக்கத்தில் இருக்கும். வாசிக்கத் தொடங்கவேண்டியது அந்தக் கடைசிப் பக்கத்தில். கப்பல் கடக்கவேண்டிய மிக ஒடுக்கமான கதவு எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிட்டால், கட்டில், மலசலகூடம், வேகம், எத்தனை பேர் ஏறலாம் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். கதவே இல்லாத நோர்வேக் கரையில் அந்த வேலையைத் துறைமுக நேர அட்டவணை செய்கிறது.

ஏப்ரல் 19

யோத்தா கால்வாய் வேனர்ன் ஏரிக்கரைச் சியோதொர்ப்பிலிருந்து போல்டிக் கடலோர மேம் வரை 190 கிலோமீற்றர். அதில் 87 கிலோமீற்றர் மட்டுமே வெட்டியது, மற்றதெல்லாம் ஏரி. மொத்தம் 58 லொக். லொக் என்பது இரண்டு முனையிலும் கதவுள்ள கல் தொட்டி. கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை விட்டோ வடித்தோ கப்பலை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். மேற்குப் பகுதியில் 21, கிழக்குப் பகுதியில் 37. வழியின் உச்சி வீக்கன் ஏரி, கடல் மட்டத்துக்கு 91.8 மீற்றர் மேலே.

வேலை 1810இல் தொடங்கி 1832இல் முடிந்தது. பால்ட்ஸார் வொன் பிளாத்தன் தலைமை தாங்கினார், ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் தோமஸ் டெல்ஃபோர்ட் வழி அளந்து கொடுத்தார். மண் வெட்டியவர்களில் பெரும்பாலோர் படைவீரர்கள், ஏறத்தாழ 58,000 பேர். வொன் பிளாத்தன் 1829இல் இறந்துவிட்டார், திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. மொட்டாலாவில் கால்வாய்க் கரையிலேயே அவரது கல்லறை இருக்கிறது. கப்பலின் மேல்தளத்திலிருந்தே தெரியும்.

டென்மார்க்கின் கையிலிருந்த நீரிணையில் சுங்கம் கட்டாமல் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவதுதான் நோக்கம். அந்தச் சுங்கம் 1857இல் ஒழிந்தது. 1862இல் ஸ்டொக்ஹோம்–கோத்தன்பர்க் ரயில் முழுதாக ஓடத் தொடங்கியது. கால்வாயை அகலப்படுத்த அதற்குப் பிறகு காரணமே இருக்கவில்லை. இன்றைக்கும் கதவுகள் அந்தப் பழைய அளவிலேயே இருப்பது அதனால்தான்.

மே 3

இன்று அறைகள்.

யோத்தா கால்வாய்க்குள் 7 மீற்றருக்கு மேல் அகலமான கலம் போகமுடியாது. 1874இல் மொட்டாலாவில் கட்டிய யூனோ என்ற பயணிகள் கப்பலின் அகலம் 6.68 மீற்றர், நீளம் 31.45 மீற்றர். 1912இன் வில்ஹெல்ம் தாம், 1931இன் டயானா இரண்டும் ஏறத்தாழ அதே அளவு. இந்த அளவுக்குள் எஞ்சின், சமையலறை, சாப்பாட்டறை, பணியாளர் அறைகள் போக மிஞ்சியதில்தான் ஐம்பது பேர்வரை படுக்கவேண்டும்.

ஆகவே அறைக்குள் இருப்பது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டில், ஒரு கைகழுவும் தொட்டி, சில கொளுக்கிகள். குளிப்பதும் மலசலகூடமும் பொதுவில். மேல்தளங்களில் அறைக் கதவு நேரே வெளித்தளத்துக்குத் திறக்கும், அதனால் இரவு எழும்பினால் குளிருக்குள் நடக்கவேண்டும். முழங்கால் நோ உள்ளவர்களுக்கும், இரவில் இரண்டு மூன்று தரம் எழும்புபவர்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். மேல்கட்டிலுக்கு ஏறுவது சிறு ஏணியால். அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பதிவு செய்யும்போதே கீழ்க்கட்டில்களாக இரண்டு அறை கேட்பது நல்லது.

சில்லுப் பூட்டிய கட்டைப் பெட்டி கட்டிலுக்கடியில் போகாது, நடுவில் நிறுத்தினால் ஒருவர் நிற்க இடமில்லை. மடியக்கூடிய துணிப்பை ஒன்றே போதும். பெரிய பெட்டி இருந்தால் அதைப் புறப்படும் நகரத்திலேயே விட்டுவிட முடியாது, ஏனென்றால் கப்பல் இறக்குவது நாட்டின் மறுகரையில். இதை மறந்து ரயில் ஏறித் திரும்பிப் போகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் இருக்கிறார்கள்.

மே 17

பெர்க் லொக்குகள். கால்வாயில் ஒரே ஓர் இடத்தைத்தான் நின்று பார்க்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். ரொக்சன் ஏரியிலிருந்து ஏழு லொக் ஒன்றையொன்று தொட்டபடி படிக்கட்டாக ஏறுகின்றன. ஏழும் சேர்ந்து 18.8 மீற்றர். கீழ்லொக்கின் மேல்கதவுதான் மேல்லொக்கின் கீழ்க்கதவு.

ஏறும் கப்பலில் வேலை இப்படி நடக்கும். கப்பல் கதவை நெருங்கும்போது வேகம் ஆள் நடையைவிடக் குறைவு. பக்கத்துக்கு முப்பது சென்ரிமீற்றர்கூட இல்லை. கல்லுக்கும் இரும்புக்கும் இடையில் நசுங்குவதற்கென்றே மரக்கட்டைகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார்கள், அவை உரசும் இடத்தில் நார் கிளம்பித் தும்பாகியிருக்கும். ஒருவர் கரைக்குப் பாய்ந்து இரண்டு கயிறுகளையும் வாங்குவார். பின்கயிறு கப்பலின் பக்கத்திலேயே உள்ள வளையத்துக்குப் போகும். அணியத்துக் கயிறு, அதாவது கப்பலின் முன்முனைக் கயிறு, நன்றாக முன்னுக்குப் போய்த் தூரத்து வளையத்தில் மாட்டும். கதவு மூடும். மேல்கதவின் அடியிலுள்ள பலகைகள் திறந்ததும் தண்ணீர் வெள்ளையாகச் சீறிக்கொண்டு கப்பலின் முகத்தில் மோதும்.

ஆபத்தான நேரம் அந்த முதல் ஒரு நிமிடம். கப்பல் உயர உயர அணியத்துக் கயிறு தளரும். தளர்ந்த கயிற்றை உடனுக்குடன் இழுக்காவிட்டால் சீறும் தண்ணீர் அணியத்தைத் தள்ளி மறுசுவரில் மோதவிடும். சொந்தப் படகில் வருகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான், முன்கயிற்றைக் கிட்டவே கட்டிவிடுவார்கள். இறங்கும்போது பிழை வேறு மாதிரி. கயிற்றை முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டால் தண்ணீர் இறங்கும், படகு சுவரில் தொங்கும். இறக்கத்தில் கயிறு எப்போதும் கையில் இருக்கவேண்டும், முடிச்சு கூடாது.

58 லொக்கில் 56 மின்சாரத்தில் இயங்குகின்றன. தோத்தொர்ப்பும் பூரென்ஸ்பெர்க்கும் மட்டும் இன்னும் கையால். அங்கே லொக் காவலர் கைபிடியைச் சுற்றித் தண்ணீர்ப் பலகையைத் தூக்கி, பிறகு நீண்ட மரக்கையை முதுகால் தள்ளிக் கதவைத் திறப்பார். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வராமல் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் கதவு அசையாது. மட்டம் சமமானதும் ஒரு ஆள் தள்ளினாலே போதும்.

கால்வாயில் வேக எல்லை 5 நொட், அதாவது மணிக்கு 9 கிலோமீற்றர். அதற்கு மேல் போனால் அலை கரையை அரிக்கும். லொக்குகள் கிட்டக்கிட்ட இருக்கும் இடங்களில், கப்டன் சம்மதித்தால், ஒன்றில் இறங்கிக் கரைப்பாதையால் நடந்து அடுத்ததில் ஏறலாம். பெர்க்கில் கிடைக்கும் நேரத்தில் வ்ரேத்தா மடக் கோயிலுக்குப் போய்வரலாம்.

மே 18

நேற்று எழுத விட்டது: வெற்றர்ன் ஏரி. நீண்டு ஒடுங்கிய ஏரி, 128 மீற்றர் ஆழம். நீளவாக்கில் காற்றடித்தால் குறுகிய செங்குத்தான அலை எழும்பும். கால்வாய்க் கப்பல்களின் அடி தட்டை, உயரமோ மூன்று தளம். கால்வாய் என்றால் ஆடாது என்று நம்பி வருகிறவர்கள் தலைசுற்று மாத்திரை கொண்டுவருவதில்லை. ஏரிக்குள் இறங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே அதைப் போட்டுக்கொள்ளவேண்டும். ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை.

யூன் 7

கலிடோனியன் கால்வாயும் டெல்ஃபோர்ட்டின் வேலைதான். 1803இல் தொடங்கி 1822இல் திறந்தது. 97 கிலோமீற்றர், வெட்டியது ஏறத்தாழ 35 மட்டும், மிச்சம் லொக் நெஸ் போன்ற ஏரிகள். ஸ்கொட்லாந்தில் ஏரிக்கும் லொக் என்றே பெயர், ஆகவே இந்தப் பதிவில் கதவுள்ளதைக் கதவுத்தொட்டி என்று எழுதுகிறேன். மொத்தம் 29 கதவுத்தொட்டிகள். நெப்போலியன் காலப் போர்க்கப்பல்களை மனதில் வைத்துத் திட்டமிட்டதால் இவை யோத்தாவைவிட அகலம். அங்கே 7 மீற்றர், இங்கே பத்துக்கு மேல்.

அந்த மூன்று மீற்றர்தான் இரண்டு பயணத்துக்கும் உள்ள முழு வித்தியாசம். இந்தக் கால்வாய்க்குப் பொருந்தும் கப்பலான லோர்ட் ஒஃப் த கிளென்ஸ் 45 மீற்றர் நீளம். ஏறுவோர் தொகை யூனோவில் உள்ளதுபோலத்தான், ஆனால் அறைக்குள்ளேயே குளியலறையும் தரையில் கட்டிலும் இருக்கின்றன. வயதானவர்களுக்கு எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்லலாம்.

பனவியில் எட்டுத் தொட்டிகள் தொடர்ந்து வருகின்றன, பெயர் நெப்டியூன் படிக்கட்டு. கடக்க ஏறத்தாழ 90 நிமிடம். அதன் அடியில் மலேய்க் ஊருக்குப் போகும் ரயில்பாதையின் சுழல்பாலம் இருக்கிறது. ரயில் வரும் நேரத்தில் பாலம் திறக்காது, எந்தக் கப்பலானாலும் காத்திருக்கவேண்டியதுதான். இரண்டு முனையிலும் உள்ள கடல்கதவுகள் வற்றுப்பெருக்கைப் பொறுத்தவை. பெருக்குக்கு முன்னும் பின்னும் சுமார் 4 மணித்தியாலம்தான் திறக்கும். அட்டவணையில் ‘மாலை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பி அன்றிரவு ரயிலுக்கு ரிக்கற் எடுக்கக்கூடாது.

இன்வர்னஸ் பக்கத்து கிளாக்னஹாரியில் கடல்கதவைக் கட்டிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே கரையோரம் ஆழமான சேறு, அணை போட்டு இறைத்து உள்ளே வெட்ட இயலாது. மண்ணையும் கல்லையும் சேற்றின்மேல் குவித்து, அது தன் பாரத்தில் அமுங்கி இறுகும்வரை பொறுத்திருந்து, பிறகு அந்தக் குவியலுக்குள்ளேயே தொட்டியை வெட்டினார்கள்.

கோடையில் காற்றில்லாத காலையும் மாலையும் மிட்ஜ் என்ற கொசுகு கூட்டமாக வரும், நுளம்பைவிடச் சிறியது. வலைத்தொப்பி வாங்கிவைக்கவும். மேல்தளத்தில் நிற்க ஆசைப்படும் நேரமும் அதுதான்.

யூன் 21

நோர்வே. கப்டன் ரிச்சார்ட் வித்தின் வெஸ்தரோலன் நீராவிக் கப்பல் 1893 யூலை 2ஆம் திகதி துரொண்ட்ஹெய்மிலிருந்து ஹமர்ஃபெஸ்ட் நோக்கிப் புறப்பட்டதிலிருந்து இந்தச் சேவை ஓடுகிறது. இன்று பேர்கனிலிருந்து சிர்க்கனஸ் வரை 34 துறைகள். போய்வர 12 நாள், ஒருவழியென்றால் வடக்கே 7 நாள், தெற்கே 6 நாள். கப்பல்கள் கால்வாய்க் கப்பல்களைவிடப் பலமடங்கு பெரியவை. ஆனாலும் சரக்கும் உள்ளூர் ஆட்களும் ஏறி இறங்கும் சேவை இது, பல துறைகளில் நிற்பது கால் மணித்தியாலம்தான். அறை எடுக்காமல் ஒரு துறையிலிருந்து அடுத்ததுக்கு மட்டும் ரிக்கற் எடுத்தும் போகலாம்.

வடக்கே போகும்போது இரவில் கடக்கும் துறைகளைத் தெற்கே வரும்போது பகலில் கடக்கும்படி அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஒருவழி மட்டும் போகிறவர்கள் இதைக் கணக்குப் பார்த்தே தீரவேண்டும். வடக்கே போனால் ஹொனிங்ஸ்வோகில் பகலில் சில மணித்தியாலம் கிடைக்கும், நோர்ட்காப் முனைக்குப் போய்வரலாம். துரொம்சோவிலும் பிற்பகல் முழுதும் நேரமிருக்கும். தெற்கே வந்தால் இரண்டும் போய்விடும், துரொம்சோவை அடைவதே நள்ளிரவில். பதிலுக்கு ஹமர்ஃபெஸ்ட், வெஸ்தரோலன் தீவுகள், ராஃப்ட்சுண்ட் ஒடுக்கம் எல்லாம் வெளிச்சத்தில். முனையைத் தொடவேண்டும் என்றில்லாதவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது தெற்குவழி.

வழி முழுதும் தீவுகள் மறைக்கும் அமைதியான தண்ணீர் அல்ல. ஸ்தாத், ஹுஸ்தத்விக்கா, ஃபொல்டா, வெஸ்ட்ஃபியோர்ட், லொப்பா கடல் ஆகியவை திறந்தவை. 2019 மார்ச்சில் ஹுஸ்தத்விக்காவில் ஒரு பெரிய உல்லாசக் கப்பலின் எஞ்சின்கள் புயலில் நின்றுபோயின. எஞ்சின் எண்ணெய்த் தொட்டிகளில் மட்டம் குறைவாக இருந்தது. கப்பல் உருண்டபோது எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்க, பம்பிக்கு எண்ணெய்க்குப் பதில் காற்று வந்தது. காவல் கருவிகள் எஞ்சின்களைத் தாமாகவே நிறுத்திவிட்டன. புயலென்றால் தாமதிக்கிற, ஒரு துறையைத் தவறவிடுகிற கப்டனோடு கோபிக்கவேண்டாம். குலுக்கத்துக்குப் பயமென்றால் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தள அறை எடுங்கள்.

யூலை 5

நோர்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலிலுள்ள சுவால்பார்ட் தீவுகள் பற்றிக் கேட்டவர்களுக்கு. 2025 ஜனவரி 1 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் கொண்ட கப்பல் போகமுடியாது. கரையிறங்க 43 இடங்களுக்கே அனுமதி. பனிக்கரடியிலிருந்து 300 மீற்றர், மார்ச் 1 முதல் யூன் 30 வரை 500 மீற்றர் விலகி நிற்கவேண்டும். ஆகவே கரடியைக் கிட்டவாகக் காட்டுவதாக யாராவது சொன்னால் நம்பவேண்டாம், நல்ல தொலைநோக்கிக் கண்ணாடி கொண்டுபோங்கள்.

இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு: சுவால்பார்ட் செங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவோடு போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லைக்குள், இல்லை. நோர்வேயிலிருந்து அங்கே போய்த் திரும்புவது செங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைவதாகும். ஒருமுறை நுழையும் விசாவோடு போனால் திரும்பிவரும்போது சிக்கல். குறைந்தது இருமுறை நுழையும் விசா கேட்டு விண்ணப்பிக்கவேண்டும். ஸ்கொட்லாந்துக்கு வேண்டியது பிரித்தானிய விசா, அது முற்றிலும் வேறு.

யூலை 19

நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கின் துறைகள் புதிதாகக் கட்டிய ஊர்கள்போலத் தெரிவதற்குக் காரணம் போர். 1944இல் ஜேர்மன் படை பின்வாங்கும்போது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எரித்தது. ஹொனிங்ஸ்வோகில் தேவாலயம் மட்டும் மிஞ்சியது. இந்தக் கரையின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில்தான் 1980களிலிருந்து ஈழத்தமிழர் பலர் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். வெட்டுமேசையில் நின்று கொட் மீனின் முள்ளெடுத்த கைகள் அவை. இந்தக் கரைவழியே போகிற தமிழருக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

வார்டோவில் கப்பல் நிற்பது தெற்கே வரும்போது பிற்பகலில், ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். வடக்கே போகும்போது விடிவதற்கு முன், சில நிமிடமே. 1730களில் கட்டிய எண்கோண நட்சத்திரக் கோட்டை இங்கே இருக்கிறது. பெரும்பாலோர் அங்கேதான் போவார்கள். கோட்டையைப் பார்த்துவிட்டு ஸ்தைல்னெசெட்டுக்கும் போகவேண்டுமென்றால் நேரம் போதாது. ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும், நான் இரண்டாவதைச் சொல்வேன்.

17ஆம் நூற்றாண்டில் சூனியக்காரரென்று குற்றஞ்சாட்டி ஃபின்மார்க்கில் கொல்லப்பட்ட 91 பேருக்காக 2011இல் எழுப்பிய நினைவிடம் அது. மரச்சட்டத்தில் துணியைக் கட்டித் தொங்கவிட்ட நீண்ட ஒடுங்கிய நடை. உள்ளே இருட்டு, ஒருவர் பின் ஒருவராக நடக்கலாம். சுவரில் 91 சிறு யன்னல், ஒவ்வொன்றிலும் ஒரு மின்குமிழ். பக்கத்தில் அந்த ஆளின் பெயரும் வழக்கில் எழுதப்பட்டதும். கடல்காற்று அடிக்கும்போது துணி முழுதும் அசையும்.

கப்பலைத் துறையில் கட்டியதும் முதல் ஆளாக இறங்குங்கள். நடைபாதை ஈரமாக இருக்கும், வழுக்காத சப்பாத்து வேண்டும். கப்பலின் புறப்படும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்து, அதற்கு இருபது நிமிடம் முன்பே திரும்பி நடக்கத் தொடங்குங்கள். கரையில் யாரையும் எண்ணிப் பார்த்துக் காத்திருக்கும் கப்பல் அல்ல இது. நேரம் வந்தால் ஏணி ஏறிவிடும்.