சவுத்வெல் ஒர்க்ஹவுஸ்: அத்தையின் எள்ளுத் தாத்தாவைத் தேடி

முதலில் டாக்சி கதையைச் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. சவுத்வெல் போக நாட்டிங்காமில் 50 நிமிடம் சாரலில் நின்றும் பஸ் வரவில்லை. கூட வந்தது 78 வயது அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா, பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கிலாந்துதான். பாவம், நடுங்க ஆரம்பித்துவிட்டார். சரி என்று டாக்சி பிடித்தால் 55 பவுண்ட்! பஸ்ஸில் ஆளுக்கு 3 பவுண்டில் முடிந்திருக்கும். மாசக் கடைசியில் இது பகல் கொள்ளை.

போன காரணம் ஒரு பழைய பதிவு. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஃபேமிலிசர்ச் தளத்தில் காசில்லாமல் தேடலாம். அதில் அத்தையின் எள்ளுத் தாத்தாவும் பாட்டியும் கிடைத்தார்கள், 71 வயது, 68 வயது, இருவரும் சவுத்வெல் ஒர்க்ஹவுஸில். அதாவது பிழைக்க வழியில்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டு, வேலை வாங்கிக் கஞ்சி ஊற்றிய இடம். "போகட்டும், கடைசிக் காலத்தில் சேர்ந்தாவது இருந்தார்களே" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கட்டடம் 1824-இல் கட்டியது. செங்கல் சுவர், வரிசையாக ஜன்னல்கள், தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய பங்களா மாதிரிதான் இருக்கிறது. உள்ளே போனால்தான் புரிகிறது. ஆண்களுக்குத் தனி முற்றம், பெண்களுக்குத் தனி முற்றம், பிள்ளைகள் வேறு பக்கம், நடுவில் ஆளுயரத்தை மீறிய மதில். மாடிப்படிகூடத் தனித்தனி, ஏறி இறங்கும்போதுகூட ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுவிடக் கூடாதாம்! நடுவில் இருக்கிற மேலாளர் வீட்டு ஜன்னலிலிருந்து மட்டும் எல்லா முற்றமும் தெரிகிறது. ஏழைகளுக்கு உதவி ஒர்க்ஹவுஸுக்குள்தான் என்று 1834-இல் வந்த புதிய ஏழையர் சட்டத்துக்கு இந்த இடமே ஒரு முன்மாதிரி. ஏழ்மையைக் குற்றம்போல நடத்திய ஏற்பாடு இது, எனக்கு வேறு எப்படியும் சொல்லத் தோன்றவில்லை.

தாத்தாவுக்குத் தொழில் காலுறை பின்னுவது. தறி முதலாளியுடையது, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரவாரம் தறி வாடகை கட்டியாக வேண்டும். அப்புறம் நீராவி ஆலைகள் வந்தன, கையால் பின்னுகிறவர்களின் பிழைப்பு போனது. முதியோர் ஓய்வூதியம் 1909 ஜனவரியில்தான் கைக்கு வந்தது, அதுவும் 70 வயது நிரம்பியவர்களுக்கு, வாரம் 5 ஷில்லிங். 1881-இல் அங்கே இருந்த தாத்தாவுக்கு அது 28 வருஷம் பிந்திவிட்டது. பெயர், வயது, தொழில் என்று வெறும் ஒரு வரியாகக் கிடந்த மனிதர், இதெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்கு ஒரு கிழவராகத் தெரிந்தார்.

பெண்கள் முற்றத்து மதிலில் அத்தை உள்ளங்கையை வைத்து ரொம்ப நேரம் நின்றார். நான் கூப்பிடவில்லை.

சாப்பாடு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிராம்லி என்கிற புளிப்பான சமையல் ஆப்பிள் பிறந்த ஊர் இது, 1809-இல் ஒரு சிறுமி இங்கே விதை ஊன்றி வந்த மரம்தான் மூலம். அந்த ஆப்பிள்மேல் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் உதிர்த்துச் சுட்ட கிரம்பிள், மேலே சூடான கஸ்டர்ட், நாக்கைச் சுண்டும் புளிப்பு. டாக்சிக்காரரைக்கூட மறந்துவிட்டேன். "தாத்தாவும் அந்த மரமும் ஏறக்குறைய ஒரே வயசு" என்றார் அத்தை.

திரும்பும்போது பஸ் நேரத்துக்கு வந்தது. அதில் உட்கார்ந்து அத்தை தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அந்த இரண்டு பெயர்களுக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதினார்: ஆண்கள் முற்றம். பெண்கள் முற்றம்.