புரியலைன்னா மாத்தாத

புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளியாகும் ஆய்விதழ்களுக்குப் பிழை பார்த்து, பக்கம் கட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். ஒரு கட்டுரை வந்தால் அதற்கு ‘ஜாப்’ என்று பெயர். பி.எஸ்சி. கணிதம் படித்தவன் என்பதால் என்னைக் கணக்குக் குழுவில் போட்டார்கள். கணக்கு ஜாப் குறைந்த வாரங்களில் வரலாற்றுக் குழுவுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் காலையில் நேரியல் அல்லாத சமன்பாடுகளும், சாப்பிட்டு வந்த பிறகு பதினான்காம் நூற்றாண்டுத் தேவாலய விசாரணைகளும் ஒரே திரையில் என்னிடம் வந்துகொண்டிருந்தன.

முதல் வருடத்தில் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. திரவ ஓட்டம் பற்றிய கட்டுரை. வேகத்துக்கு ‘வி’ என்ற ஆங்கில எழுத்து, பாகுநிலைக்கு, அதாவது திரவத்தின் பிசுபிசுப்புக்கு, ‘நியூ’ என்ற கிரேக்க எழுத்து. சாய்ந்த அச்சில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். எழுதியவர் அவசரத்தில் ஒரே எழுத்தை இரண்டு விதமாக அடித்துவிட்டார் என்று நினைத்து, எல்லாவற்றையும் ‘வி’ ஆக்கிவிட்டேன். ரெனால்ட்ஸ் எண் வேண்டுமென்றால் வேகத்தை நீளத்தால் பெருக்கி நியூவால் வகுக்க வேண்டும். அலகே இல்லாத வெறும் எண் கிடைக்கும். நியூ இருந்த இடத்தில் வேகம் உட்கார்ந்தால் மிஞ்சுவது ஒரு நீளம் மட்டும்தான். ஓட்டம் சீராகப் போகிறதா, சுழித்துக் குழம்புகிறதா என்று பிரித்துக் காட்டும் எண்ணையே அழித்திருந்தேன். இதைக் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். எழுதியவர் புரூஃபில் இடம் இடமாகக் குறித்துத் திருப்பி அனுப்பினார். கடிதத்தில் கோபமாக ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குழுவில் மூத்த அக்கா ஒருவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “புரியலைன்னா மாத்தாத தம்பி. குவரி போட்டு வை. எழுதினவங்க சொல்லட்டும்.” ஓரத்தில் எழுதியவருக்கு நாம் வைக்கும் கேள்விதான் குவரி. எனக்கு யாரும் தொழில் சொல்லிக் கொடுத்தார்கள் என்றால் அந்த மூன்று வாக்கியம்தான்.

வரலாற்றுக் குழுவில் அதன் அருமை இன்னும் நன்றாகத் தெரிந்தது. இடைக்கால எழுத்தர்கள் தோலில் எழுதினார்கள். இடத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்த இலத்தீனைச் சுருக்கிச் சுருக்கி எழுதினார்கள். ‘பி’ எழுத்தின் காலில் குறுக்குக் கோடு போட்டால் ‘பெர்’, அதாவது ‘மூலமாக’. அதே காலில் ஒரு வளைவு சேர்த்தால் ‘ப்ரோ’, ‘பொருட்டு’. பணம் ஒருவர் மூலமாக வந்ததா, அவர் பொருட்டுக் கொடுக்கப்பட்டதா என்பது அந்தச் சின்னக் கீற்றில் இருக்கிறது. எங்கள் ஃபாண்டில் அந்த எழுத்துகள் இல்லாத நாட்களில் திரையில் வெற்றுக் கட்டம்தான் தெரியும். கட்டத்தைக் குப்பை என்று அழித்துவிடக் கை பரபரக்கும்.

தமிழ் எம்.ஏ. படித்த நண்பர் ஒருவர் டீக்கடையில் சொன்னார்: ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள், மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவர்தான் தேறிக்கொள்ள வேண்டும், உ.வே.சா. பாடபேதங்களை, சுவடிக்குச் சுவடி மாறும் சொற்களை, தேடி ஏன் ஊர் ஊராக அலைந்தார் என்பது அப்போது புரியும் என்று. இலத்தீன் பதிப்பாசிரியர்களிடமும் ஒரு விதி உண்டு. இரண்டு பாடங்கள் கிடைத்தால் கடினமானதே வலியது. நகல் எடுப்பவன் புரியாததை எளிதாக்குவானே தவிர, எளிதானதைக் கடினமாக்க மாட்டான். நான் நியூவுக்குச் செய்ததும் அதைத்தான்.

என்னை அதிகம் பாதித்த ஜாப் தெற்குப் பிரான்ஸைப் பற்றியது. பாமியே ஊரின் ஆயர் ழாக் ஃபூர்னியே 1318 முதல் 1325 வரை, திருச்சபைக்கு மாறான நம்பிக்கை கொண்டவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட கிராமத்து மக்களை விசாரித்தார். அவர்கள் பேசியது ஒக்சிதான் மொழி, எழுத்தர் பதிந்தது இலத்தீன். ஃபூர்னியே 1334இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப் ஆனார். விசாரணைப் பதிவேடு இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. ஆடு மேய்ப்பவர் பேச்சும் விதவையின் பேச்சும் எழுநூறு வருடம் கழித்து நம் கைக்கு வருவது, அவர்களைக் குற்றவாளியாக்க வைத்த கணக்கு வழியாக. வேலைக்கு நடுவே இதை நினைத்துப் பலமுறை கை நின்றிருக்கிறது.

1320இல் விசாரிக்கப்பட்டவர்களில் ஒருவர் பெயாத்ரிஸ் த பிளானிசோல் என்ற பெண்மணி. அவர் பையைச் சோதித்தபோது இரண்டு தொப்புள்கொடிகள் இருந்தன. தன் மகள்கள் பெற்ற ஆண் குழந்தைகளுடையவை, கூடவே வைத்திருந்தால் வழக்கில் தோற்க மாட்டாய் என்று ஒருத்தி சொன்னாள், அதனால் வைத்திருக்கிறேன் என்றார். படித்ததும் என் கை இடுப்புக்குப் போனது. சின்ன வயதில் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த வெள்ளித் தாயத்துக்குள் என் கொடிதான் இருந்தது என்று அம்மா சொல்வார். நோய்நொடி அண்டாமல் இருக்க. ஆகவே ‘வழக்கு’ என்ற சொல் எனக்கு இடித்தது. நோய் என்றோ கண்ணேறு என்றோ இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பில் பிசகிவிட்டது என்று தோன்றியது. மாற்றவில்லை, குவரி போட்டேன். பதிவேட்டின் இலத்தீன் வரியோடு பதில் வந்தது: ஆம், வழக்குதான். அந்தக் கொடிகளோடு அவர் நின்றுகொண்டிருந்ததே ஒரு விசாரணையின் முன்னால்.

பிறகு நானும் மூத்தவன் ஆனேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஒரு இயற்பியல் ஜாப்பை எடுத்து வந்தாள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஃபெர்மி, பாஸ்தா, உலாம் என்ற மூன்று விஞ்ஞானிகள் செய்த கணினிக் கணக்கீட்டைப் பற்றியது. வரிசையாகக் கோத்த நிறைகள், அவற்றுக்கிடையே நேரியல் விதியை மீறும் சுருள்வில்கள். ஓர் அதிர்வுக்குக் கொடுத்த ஆற்றல் போகப்போக எல்லா அதிர்வுகளுக்கும் பரவிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். மேனியாக் கணினியில் அது சில அதிர்வுகளுக்குள் மட்டும் போய்வந்து, கிட்டத்தட்ட முழுதாகப் பழைய இடத்துக்கே திரும்பியது. பார்த்தவுடன் பிழை என்று ஒதுக்கத் தோன்றும் முடிவு. அவர்கள் அதை அப்படியே 1955இல் அறிக்கையாக எழுதினார்கள். ஃபெர்மி அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார். பத்து வருடம் கழித்து சபுஸ்கி, குருஸ்கல் என்ற இருவர் அந்தப் புதிரிலிருந்துதான் சாலிட்டானை, உருக்குலையாமல் ஓடும் தனி அலையை, எட்டினார்கள்.

கட்டுரையில் சில இடங்களில் அந்தக் கணக்கீட்டின் சுருக்கப் பெயர் அந்த மூன்று பேரின் முதல் எழுத்துகள், சில இடங்களில் கடைசியில் ஒரு ‘டி’ கூடுதல். ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அவள் எல்லா ‘டி’யையும் நீக்கியிருந்தாள். “யாருண்ணா அந்த டி?” என்று கேட்டாள். மேரி ட்சிங்கூ, மேனியாக்குக்கு நிரல் எழுதியவர் என்றேன். அறிக்கையை எழுதியவர்கள் என்று மூன்று பேர். வேலையைச் செய்தவர்கள் என்ற வரியில் நான்காவது பெயர் அவருடையது. 2008இல் ஒரு பிரெஞ்சு இயற்பியலாளர் இதை எடுத்துச் சொன்ன பிறகுதான் பலர் அந்த ‘டி’யைச் சேர்த்து எழுத ஆரம்பித்தார்கள்.

எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துவிட்டுக் குவரி போட்டாள்: “சில இடங்களில் மூன்று பெயர், சில இடங்களில் நான்கு. இப்படியே விடலாமா?”

மறுநாள் பதில் வந்தது. “விடுங்கள். பழைய கட்டுரைகளின் தலைப்பில் மூன்று. நான் பேசும் இடத்தில் எல்லாம் நான்கு.”