ஹாட்சிங்க் பட்டனும் நானும்: ஒரு வார நாட்குறிப்பு

மார்ச் 3

பழைய பாம் எம்505 கையடக்கக் கணினி. 2001-இல் வந்த மாடல், நினைவகமே 8 எம்பிதான். இத்தனை வருடமாக மறக்காமல் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன், இப்போது இரண்டு நாள் கூடத் தாங்குவதில்லை. எழுதி வைத்த குறிப்புகள் எல்லாம் ரேமில் இருக்கின்றன, பேட்டரி முழுதாக இறங்கினால் அத்தனையும் போச்சு. அதனால் லினக்ஸ் கணினிக்கு இழுத்துவிட முடிவு.

கிரேடிலை (பாமை நிறுத்திக் கணினியோடு இணைக்கும் தாங்கி) மாட்டினேன், யூஎஸ்பியில் இருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்தேன். கீபோர்டு இருக்கிறது, மவுஸ் இருக்கிறது, பாம் இல்லை. பாமோடு பேச லினக்ஸில் இருக்கும் விசர் டிரைவர் ஏறவில்லையோ என்று, டிரைவரை ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளையால் ஏற்றிப் பார்த்தேன், ஒழுங்காக ஏறியது, பலன் இல்லை. மாலை முழுக்க இதிலேயே போனது.

மார்ச் 4

அசடு நான். இந்த வகைக் கருவி சும்மா செருகியிருந்தால் யூஎஸ்பியில் தலையே காட்டாது, ஒத்திசைவைத் தொடங்கும் ஹாட்சிங்க் பட்டனை அழுத்தினால்தான் வரும், ஒத்திசைவு முடிந்தால் மறுபடி காணாமல் போய்விடும். கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜை ஓடவிட்டுக்கொண்டு பட்டனை அழுத்தினேன். சிவப்பில் ஒரு வரி: டிஸ்கிரிப்டரை (கருவி தன்னைப் பற்றித் தரும் விவரம்) படிக்க முடியவில்லை, பிழை -71.

உண்மையில் சந்தோஷப்பட்டேன். -71 என்றால் புரோட்டோகால் பிழை, அதாவது கம்பியில் போகும் சிக்னலே குழறுகிறது. டிரைவரோ அனுமதியோ உள்ளே வரும் கட்டத்துக்கு முன்பே பேச்சு உடைந்துவிட்டது, ஆக நேற்று மோட்ப்ரோபோடு மல்லுக்கட்டியது முழு வீண். ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கணினியின் பின்பக்கம் செருகினேன். ஒருமுறை வந்தது, அடுத்த மூன்று முறை வரவில்லை.

மார்ச் 5

சார்ஜ் ஏறுகிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யூஎஸ்பி கேபிளில் நான்கு கம்பி, இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. முதல் இரண்டு வேலை செய்வதால் மற்ற இரண்டும் செய்யும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கருவியின் அடியில் இருக்கும் உலோக முனைகள் கறுத்துப் போயிருந்தன. பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தேன். பட்டனை அழுத்தினேன். 0830:0002 என்ற பாமின் அடையாள எண் எல்எஸ்யூஎஸ்பியில் வந்து நின்றது! விசர் டிரைவரும் டிடிஒய்யூஎஸ்பி0, டிடிஒய்யூஎஸ்பி1 என்று இரண்டு போர்ட் கொடுத்தது.

மார்ச் 6

அனுமதி மறுக்கப்பட்டது என்றது, பாமிலிருந்து கோப்புகளை இறக்கும் பைலட்-எக்ஸ்ஃபர் நிரல். சுடோ போட்டு (நிர்வாகியான ரூட்டின் உரிமையோடு) ஓட்டலாம், ஆனால் இறங்கும் கோப்புகள் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். இந்தப் போர்ட்களைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் என்னைச் சேர்த்தேன், லாக்அவுட் செய்து திரும்ப வந்தேன் (இதை மறந்துதான் அரை மணி நேரம் விழித்தேன்). போர்ட் 0 அப்படியே உறைந்து நின்றது. போர்ட் 1 பேசியது, ஆனால் பட்டனை அழுத்தும் முன் கட்டளை கொடுத்தால் போர்ட்டே இல்லை என்கிறது, அழுத்திவிட்டுக் கட்டளை கொடுக்கத் தாமதித்தால் பாம் பொறுமை இழந்து விடுகிறது. பத்து முறையில் இரண்டு முறைதான் சரியாக அமைந்தது.

மார்ச் 7

விசர் டிரைவரையே ஏறவிடாமல் பிளாக்லிஸ்ட்டில் போட்டுவிட்டு, போர்ட்டுக்குப் பதில் 'யூஎஸ்பி:' என்று கொடுத்தேன். இப்போது அந்த டிரைவர் இல்லாமல் லிப்யூஎஸ்பி என்ற நூலகம் வழியாக நேராகப் பேசுகிறது, நிரல் காத்திருக்கும், நிதானமாகப் பட்டனை அழுத்தலாம். மறுபடி அனுமதிப் பிரச்சினை! இந்த வழியில் டயல்அவுட் உதவாது. 0830-க்கு (பாம் நிறுவனத்தின் எண்) ஒரு யூடெவ் விதி, அதாவது கருவி செருகப்படும்போது லினக்ஸ் பார்க்கும் விதி எழுதி, உள்நுழைந்திருக்கும் பயனருக்கு அனுமதி தரும் யூஅக்ஸஸ் குறி போட்டேன். விதிக் கோப்பின் எண் 73-ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் குறி செல்லாது, 60 வைத்தேன்.

மார்ச் 8

முழு பேக்அப் இறங்கிவிட்டது. குறிப்புகள் இருக்கும் மெமோடிபி கோப்பைத் திறந்து பார்த்தேன், குறிப்புகள் அப்படியே இருக்கின்றன, பாதிக்கு மேல் எனக்கே புரியாத கடவுச்சொல் குறிப்புகள். இன்னொரு கோப்புறைக்கு இரண்டாவது முறையும் எடுத்துவிட்டு கிரேடிலைக் கழற்றினேன்.