அந்தப் பரிந்துரைக் கடிதம்

வியன்னாவில் ஓர் ஆய்வுப் பணிக்காக ஒரு பெண் என்னிடம் கேட்ட பரிந்துரைக் கடிதத்தை அன்று மாலையே எழுதி அனுப்பினேன். 2019 கோடைக்காலம். ஆய்வு நிறுவனங்களை ஹங்கேரிய அறிவியல் அகாதமியிடமிருந்து பிரித்தெடுத்து அரசின் பிடிக்குள் கொண்டுவரும் சட்டம் அப்போதுதான் நிறைவேறியிருந்தது. இங்கே புடாபெஸ்ட்டில் இருந்த மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகமும் வியன்னாவுக்கு இடம் மாறிக்கொண்டிருந்தது. இளம் ஆய்வாளர், கெட்டிக்காரர். மறுக்க என்ன காரணம் இருந்தது?

மூத்த பேராசிரியர் மட்டும் என்னிடம் கேட்டார்: "எல்லோரையும் நீங்கள் ரயிலேற்றிவிட்டால் இங்கே பாடம் நடத்துவது யார்? பிபோ போகவில்லையே."

"ஹெல்லர் போனாரே" என்றேன். அவர் மேலே பேசவில்லை.

அந்தப் பதில் சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன். தத்துவ அறிஞர் ஆக்னெஸ் ஹெல்லரின் தந்தை ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். மார்க்சியத் தத்துவ அறிஞர் லூகாச்சின் மாணவியான அவருக்கு 1973இல் வேலை பறிபோனது. 1977இல் ஆஸ்திரேலியா சென்றார். தங்கியிருந்தால் அத்தனை நூல்களை எழுதி வெளியிட விட்டிருப்பார்களா? இது என் வாதம், வலுவான வாதமும்கூட.

ஆனால் அரசியல் சிந்தனையாளர் இஷ்த்வான் பிபோ? 1956 நவம்பரில், ஹங்கேரியப் புரட்சியை ஒடுக்க வந்த சோவியத் படை நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தபோது அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த அமைச்சர். ஆயுள் தண்டனை பெற்று, 1963இல் பொதுமன்னிப்பில் வெளிவந்து, புள்ளியியல் அலுவலக நூலகத்தில் வேலை பார்த்தார். அடங்கிப்போன வாழ்க்கை என்றுதான் நினைத்திருந்தேன். 1979இல் அவர் இறந்த பிறகு எழுபதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து ஒரு நினைவு நூல் எழுதினார்கள். பதிப்பகம் மறுத்ததால் அது தட்டச்சுப் பிரதிகளாகக் கைமாறியது. பிரிந்து கிடந்த அறிவாளிகளை ஒன்றுசேர்த்தவர், தங்கிவிட்ட அந்த மனிதர்தான்.

அன்றைய அரசு சிறையில் அடைத்தது, வேலையைப் பறித்தது. இன்றைக்கு அதற்கெல்லாம் தேவையில்லை. நிதியும் நிர்வாகமும் கையில் இருந்தால் போதும். வியன்னா மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரம். கேள்வி கேட்பவர்கள் தாமாகவே கிளம்பிவிடுவது ஆட்சிக்கு எவ்வளவு வசதி! என் கடிதமும் அந்த வசதிக்கு உதவியதா? இந்த எண்ணம்தான் என்னை உறுத்துகிறது. வாடகையும் எதிர்காலமும் அந்தப் பெண்ணுடையவை, நாட்டைக் காக்கும் பொறுப்பை அவர் தலையில் மட்டும் சுமத்த நான் யார் என்றும் உடனே தோன்றுகிறது.

பேராசிரியர் ஓய்வூதியத்தை நெருங்கியவர், அவருக்குச் சொல்வது எளிது என்று அப்போது எண்ணினேன். எண்பதுகளில் வெளிநாட்டில் இடம் கிடைத்தும் அவர் போகவில்லை என்பது பிறகு தெரியவந்தது. அதனாலேயே அவர் சொன்னது சரியாகிவிடாது. யார் வந்து கேட்டாலும் கடிதத்தை இன்றும் எழுதித் தருவேன்; ஹெல்லரின் பெயரைச் சொல்லி மட்டும் பேராசிரியரின் வாயை அடைக்க மாட்டேன்.