கிளட்ச் பெடல் தரையோடு போய்விட்டால்: பழைய எம்எக்ஸ்-5இல் ஸ்லேவும் மாஸ்டரும் மாற்றிய அனுபவம்

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளில், அதாவது 1989 முதல் 2005 வரை வந்த வண்டிகளில், கிளட்ச் பெடல் திடீரென்று தரையோடு போய் ஒட்டிக்கொண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்லேவ் சிலிண்டரை. கியர்பாக்ஸின் வலப்பக்கத்தில் வெளியே தெரியும்படி இரண்டு போல்ட்டில் நிற்கும் சின்ன உருப்படி அது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய் வழியே தள்ளும்; அந்த அழுத்தத்தில் கிளட்ச்சை விடுவிப்பது ஸ்லேவ். இதைப் பார்க்காமலே "கிளட்ச் போச்சு" என்று கியர்பாக்ஸை இறக்கச் சொல்லிவிட்டால் செலவு பல மடங்காகிவிடும். இந்த வண்டியில் கியர்பாக்ஸையும் பின்பக்க டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று உண்டு. கியர்பாக்ஸை இறக்க அதையும் கழற்ற வேண்டும், திரும்பப் பூட்டும்போது உயரம் பார்த்து அமைக்க வேண்டும். தேவையில்லாமல் இறங்கக் கூடாத வேலை அது.

இங்கே சொல்வது கனடாவின் ஒன்டாரியோவில் ஓடிய 2001 மாடல், இடப்பக்க ஸ்டியரிங் வண்டி. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அடிப்பாகத்தை அரித்த வண்டி என்பதால் துருவும் கணக்கில் உண்டு.

நடுவழியில் பெடல் விழுந்தால், எஞ்சின் சக்கரங்களோடு இணைந்தேதான் இருக்கும், பிரிக்கத்தான் முடியாது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டி ஓடும். ஆபத்து நிற்கும்போதுதான். நிற்பதற்கு முன்பே ஆக்ஸிலேட்டரை விட்டு, கியரில் இழுவை தளரும் அந்த நொடியில் லீவரை நியூட்ரலுக்கு இழுத்துவிட வேண்டும். பெடலை வேகமாக ஏழெட்டு முறை மிதித்துப் பாருங்கள். கொஞ்சம் அழுத்தம் திரும்பினால் அதை வைத்துக்கொண்டு ஒரு கியர் மாற்றலாம். அதுவும் இல்லையென்றால், எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, அப்படியே ஸ்டார்ட் செய்தால் வண்டி குலுங்கிக்கொண்டு கிளம்பும். முன்னால் ஆளோ வண்டியோ இல்லாத இடத்தில் மட்டும் இதைச் செய்யலாம். அடுத்த கியர்களுக்கு ஆர்பிஎம் விழும்வரை பொறுத்து, லீவரை மெதுவாகச் சாய்த்து வைத்தால் தானாக உள்ளே போகும், பலவந்தம் கூடாது. நெரிசலில் இந்த வித்தை ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கியர் பற்களையும் தின்றுவிடும். ஒன்டாரியோவின் 401 போன்ற நெடுஞ்சாலையில் என்றால் ஓரம் கட்டி, தட்டையான படுக்கை உள்ள டோ வண்டியைக் கூப்பிடுவதே சரி. வண்டி தாழ்வானது, சங்கிலியில் இழுத்தால் முன் பம்பர் உடையும்.

இனி பழுது எங்கே என்று பார்ப்பது. பெடல் விழுந்து மேலே வரவில்லை என்றால் பழுது ஹைட்ராலிக் பக்கம், அதாவது ஆயிலும் சிலிண்டர்களும் இருக்கும் பக்கம். பெடல் கெட்டியாக இருந்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறது. பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்ற சத்தம் வந்தால், கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். முதல் வகையில் மூன்றே இடங்களைப் பார்த்தால் போதும். எஞ்சின் அறையின் பின்சுவரில், டிரைவர் பக்கம், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரின் சின்னக் குப்பி இருக்கிறது. பிரேக் ஆயில் குப்பிக்குச் சம்பந்தமில்லாத தனிக் குப்பி. அதில் ஆயில் இறங்கியிருக்கிறதா, கறுப்பாக இருக்கிறதா? அடுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, பெடலின் தள்ளுகம்பி சுவருக்குள் போகும் இடத்தைத் தடவுங்கள். ஈரம் இருந்தால் மாஸ்டர் ஒழுகுகிறது. கடைசியாக வண்டிக்கு அடியில், ஸ்லேவின் ரப்பர் உறையை ஓரத்தில் நெம்புங்கள். என் வண்டியில் உறையை நகர்த்தியதும் தார் நிறத்தில் ஆயில் வழிந்து முழங்கைவரை இறங்கியது. வேறு சான்று தேவைப்படவில்லை.

ஒழுகல் பல மாதமாக நடந்துகொண்டிருக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழி பறிக்கும். குழியின் விளிம்பில் ரப்பர் சீல் கிழியும். குப்பி மிகச் சிறியது. மட்டம் கீழ்த்துவாரத்துக்கு இறங்கிய கணத்தில் குழாய்க்குள் காற்று நுழையும். காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் காலையில் சரியாக இருந்த பெடல் மதியம் விழுகிறது. அதற்கு முந்தைய வாரங்களில் அறிகுறி இருக்கும்: ரிவர்ஸ் போடும்போது கரகரப்பு, குளிர்ந்த எஞ்சினில் முதல் கியர் ஏற மறுப்பது, கிளட்ச் பிடிக்கும் இடம் தரைக்கு அருகே இறங்கிக்கொண்டே போவது.

ஸ்லேவை மட்டும் மாற்றுவதா, மாஸ்டரையும் சேர்த்தா? இரண்டையும் சேர்த்துத்தான் என்று அழுத்தியே சொல்வேன். அன்றாடம் மிதிக்கும்போது மாஸ்டரின் சீல் தன் வழக்கமான தூரத்துக்குள்தான் ஓடும். புது ஸ்லேவ் போட்டதும் குழாயில் புகுந்த காற்றை எடுக்கும் வேலையில் பெடலைத் தரைவரை மிதிக்கிறோம். சீல் இத்தனை வருடம் தொடாத, துருவும் கசடும் படிந்த பகுதிக்குள் போய் உரசிக் கிழிகிறது. புது ஸ்லேவ் போட்ட சில நாளில் மாஸ்டர் ஒழுகும் கதை இந்த வண்டிக்காரர்களிடம் சாதாரணம்.

வாங்க வேண்டியவை: மாஸ்டர், ஸ்லேவ், ஸ்லேவுக்குப் போகும் ரப்பர் குழாய், சீல் உடைக்காத டாட் 3 பிரேக் ஆயில் 500 மில்லி. டாட் 4 ஊற்றலாம். சிலிக்கான் வகையான டாட் 5 கூடவே கூடாது, பழையதோடு கலக்காது. ரப்பர் குழாய்க்குப் பதில் எஃகு வலை பின்னிய குழாய் போடலாம். பழைய ரப்பர் அழுத்தத்தில் உப்புவதால் வீணாகும் பெடல் தூரம் மிச்சமாகும். கருவியில் முக்கியமானது, குழாயின் முனையில் உள்ள ஃபிளேர் நட்டைச் சுற்றிப் பிடிக்கும் 10 மில்லிமீட்டர் ஃபிளேர் நட் ஸ்பானர். சாதாரண ஸ்பானர் துருப்பிடித்த நட்டின் முனைகளை மழுக்கிவிடும். அதற்குப் பிறகு குழாயையே வெட்ட வேண்டியதுதான். ஸ்லேவ் போல்ட்டுகளுக்கு 12 சாக்கெட்டும் நீண்ட எக்ஸ்டென்ஷனும், காற்று எடுக்கும் திருகுக்கு 8 ஸ்பானரும் போதும். வேறு கம்பெனி உருப்படியில் திருகின் அளவு மாறலாம், வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

முந்தைய இரவே ஃபிளேர் நட்டிலும் போல்ட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விட்டேன். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே அடியில் போக வேண்டும்; ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் படுக்கக் கூடாது. வரிசை முக்கியம்: ஸ்லேவ் போல்ட்டில் கெட்டியாக நிற்கும்போதே ஃபிளேர் நட்டை இளக்கிவிடுங்கள். ஸ்லேவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பினால் குழாய் முறுக்கிக்கொள்ளும். புது ஸ்லேவைப் பூட்டும்போது இதே ஒழுங்கு தலைகீழாக: நட்டை விரலாலேயே சில சுற்று ஏற்றி, மரை சரியாகப் பிடித்ததை உறுதி செய்து, பிறகு போல்ட், கடைசியில் நட் இறுக்கம். ஸ்லேவின் தள்ளுகம்பி நுனி, கிளட்ச்சை நெம்பும் ஃபோர்க்கின் குழியில் உட்காரும் இடத்தில் துளி கிரீஸ். அந்த நேரத்திலேயே டார்ச் அடித்து ஃபோர்க்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

மாஸ்டர்தான் முதுகை ஒடிக்கும் வேலை. அதைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளில் ஒன்று எஞ்சின் அறையில், மற்றது பெடலுக்கு மேலே உள்ளுக்குள். சீட்டைப் பின்னால் தள்ளி, தலைகீழாகப் படுத்துத்தான் எட்ட முடியும். குழாயைக் கழற்றும் முன் சுற்றிலும் துணி அடையுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

காற்று எடுப்பதில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். திருகில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். உள்ளே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே இருப்பவர் திருகைக் கால் சுற்று திறந்து மூட வேண்டும். மூடியாயிற்று என்று குரல் கொடுத்த பிறகே பெடலை மேலே விட வேண்டும். ஆரம்பத்தில் பெடல் தானாக எழாது. காலால் நெம்பித் தூக்கணும். நாலைந்து மிதிக்கு ஒருமுறை குப்பியை நிரப்பாவிட்டால் மீண்டும் காற்று இழுத்து, முதலிலிருந்து தொடங்க நேரும். குமிழி நின்றும் பெடல் பஞ்சுபோல இருந்தால், ஸ்லேவின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, காற்றுத் திருகு உச்சியில் இருக்கும்படி பிடித்து, தள்ளுகம்பியைக் கையால் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். மாட்டிக்கொண்ட காற்று குழாய் வழியே மேலேறிக் குப்பியில் குமிழியாக வெளிவரும். இரண்டு மூன்று தடவை செய்ததும் என் வண்டியில் பெடல் கெட்டியாகிவிட்டது. ஸ்லேவ் கழன்றிருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது, பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும்.

பலர் விட்டுவிடுவது பெடலின் ஃப்ரீ பிளே. புது மாஸ்டர் போட்டதும், பெடலின் தள்ளுகம்பி மாஸ்டரின் பிஸ்டனைத் தொடும் முன் ஓரிரு மில்லிமீட்டர் லேசாக ஆட வேண்டும். இல்லாவிட்டால் குப்பிக்கு ஆயில் திரும்பும் துவாரம் மூடியே கிடக்கும். எஞ்சின் சூட்டில் ஆயில் விரியும்போது அழுத்தம் போக வழியின்றி ஸ்லேவைத் தள்ளி, கிளட்ச்சைப் பாதி மிதித்த நிலையில் வைக்கும். புதுத் தட்டு ஒன்று காரணமே தெரியாமல் வழுக்கி எரிந்தால் இங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். கம்பியின் பூட்டு நட்டை இளக்கி, கம்பியைச் சுற்றிச் சரிசெய்து, மறுபடி இறுக்கினால் முடிந்தது.

இவ்வளவும் செய்து, பெடல் கெட்டியாக இருந்தும் கியர் விழ மறுத்தால் அப்போது கியர்பாக்ஸை இறக்குவது நியாயம். பிரஷர் பிளேட்டோ தட்டோ ஃபோர்க்கின் தாங்குமுனையோ உள்ளே உடைந்திருக்கலாம். தட்டு வாங்கும்போது அளவைச் சொல்லி வாங்குங்கள்: 1.6 லிட்டர் எஞ்சினுக்கு 200 மில்லிமீட்டர், 1.8 லிட்டருக்கு 215. இறக்கிய கையோடு ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க்கின் பின் ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிட வேண்டும்.

பழைய எம்எக்ஸ்-5 வாங்கப் போகிறவர்கள் பளபளக்கும் புது ஆயிலைப் பார்த்து ஏமாற வேண்டாம். விற்பவர் நேற்று ஊற்றியதாக இருக்கலாம். அடியில் குனிந்து ஸ்லேவின் உறையை நெம்பிப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் நல்லது. கறுப்பு ஈரம் இருந்தால் இரண்டு சிலிண்டரின் விலையையும் கழித்துப் பேசுங்கள். வாங்கிய பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றிவிடுங்கள்.