மோட்டார் ஹோமில் ஊளையிடும் காற்று

மணிக்கு 50 மைல் வரைக்கும் எங்கள் மோட்டார் ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வீட்டு வண்டி, பரம சாது. 55-ஐத் தாண்டினால் தலைக்கு மேலே எங்கிருந்தோ ‘ஊம்ம்’ என்று கிளம்பும், 60-இல் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். இங்கிலாந்தின் எம்6 மோட்டார்வேயில், ஷாப் (Shap) என்ற மேட்டில் எதிர்க்காற்று அடிக்கிற நாளென்றால் கேட்கவே வேண்டாம்.

யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: இடுக்கை அடைக்கும் பசையான சீலன்ட் ஒரு டியூப் வாங்கிக் கூரை இடுக்கெல்லாம் பூசிவிடு. தயவுசெய்து அதில் ஆரம்பிக்காதீர்கள். இந்த வண்டிகளின் கூரையும் சுவரும் நடுவில் ஃபோம் வைத்து ஒட்டிய மெல்லிய பலகைகள், முன்மூலையில் நடுக்கம் என்றால் படுக்கைக்கு மேலே கேட்கும், காதை நம்பிப் பூசினால் டியூப்தான் தீரும்.

முதலில் அது காற்றுதானா என்று பாருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் குறைந்தால் எஞ்சின். ரோட்டின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். இரண்டுக்கும் மசியாமல், போகும்போது கத்தி, அதே ரோட்டில் திரும்பும்போது அடங்கினால் காற்றேதான். வண்டியின் மீது மோதி எழும் காற்றொலியின் ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும், அதாவது 50-லிருந்து 60-க்குப் போனாலே கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நாம் 60-இல் போக எதிரே 20 மைல் காற்று அடித்தால் வண்டியைப் பொறுத்தவரை அது 80, ஸ்பீடாமீட்டர் என்ன காட்டினாலும் சரி.

அப்புறம் சத்தத்தின் ஜாதி. ‘உஸ்ஸ்’ என்றால் பெரும்பாலும் கதவு ரப்பர்: இடுக்கில் ஒரு துண்டுப் பேப்பரை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், தடங்கலே இல்லாமல் கையோடு வந்தால் அங்கே ரப்பர் அமுங்கவில்லை. எங்கள் டிரைவர் கதவின் மேல்மூலை அப்படித்தான் இருந்தது, பூட்டுக் கொக்கியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி முடுக்கியதும் சரியாகிவிட்டது. ‘படபட’ என்றால் ஏதோ தளர்ந்திருக்கிறது, ஃபிரிட்ஜின் வெளிப்பக்க கிரில்லை முதலில் அசைத்துப் பாருங்கள்.

எங்களை வாட்டியது மூன்றாவது ஜாதி, ஒரே சுருதியில் பிடித்து நிற்கும் ‘ஊம்’. மாஸ்கிங் டேப்பை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினோம். கூரை ஜன்னலின் முன் விளிம்பை ஒட்டிவிட்டு ஒரு ஓட்டம், அடுத்து ஆனிங் பெட்டிக்கும் (வெயில் மறைப்புத் துணியைச் சுருட்டி வைக்கும் பெட்டி) சுவருக்கும் நடுவே உள்ள சந்து, எப்போதும் ஒரு நேரத்தில் ஒரே இடம், அதே ரோடு, அதே வேகம். இரண்டு இடத்தை ஒன்றாக மூடினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. டேப்புக்கு ‘ஊம்’ அசையவே இல்லை.

பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மச்சான் போனில் ஒலி அலைவரிசை காட்டும் ஒரு ஆப்பைத் திறந்தார். 60-இல் 180 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு ஒரே ஒரு முள்ளாகத் தூக்கி நின்றது. “அத்தான், இது ஓட்டை இல்ல, ஏதோ கம்பி” என்றார். உருண்டைக் கம்பியைக் காற்று கடக்கும்போது பின்னால் மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழல்கள் கழலும். எத்தனை வேகமாகக் கழலும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: காற்றின் வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்க வேண்டும். 60 மைல் என்பது நொடிக்கு சுமார் 27 மீட்டர். 180 ஹெர்ட்ஸ் வர விட்டம் 3 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மேலே போய் அளந்தால், சாமான் கட்ட வைத்த முன் குறுக்குக் கம்பி அச்சு அசலாக அதே பருமன்!

தொழிற்சாலைப் புகைபோக்கிகளின் உச்சியில் திருகாணி மாதிரி தகடு சுற்றியிருப்பது இந்தச் சுழல்கள் ஒழுங்காகச் சேராமல் உடைக்கத்தான். நாங்கள் 3 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைக் கம்பியில் சுருளாகச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று ஒரு சாண் இடைவெளி விட்டு, இரு முனையிலும் கேபிள் டை போட்டு இறுக்கினோம். ‘ஊம்’ போயிற்று. பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடி அருகே லேசான இரைச்சல் இன்னும் உண்டு, அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு அது இருக்கத்தான் செய்யும்.

எதை ஒட்டினாலும் வண்டித் தரையில் இருக்கும் கேஸ் வென்ட்டை (கசிந்த கேஸ் வெளியேறும் துளை) மட்டும் தொடாதீர்கள். கேஸ் கசிந்தால் காற்றைவிடக் கனமான அது இறங்கி வெளியேற வேறு வழி கிடையாது. டேப்பையும் அன்றைக்கே உரித்துவிடுங்கள், வெயிலில் ரெண்டு நாள் காய்ந்தால் பசை சுவரோடு தங்கிவிடும்.