தூக்கிப் பார்க்காதே!

இலங்கை மலையகத்தில் அட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து பாடசாலைக்கு நடந்து வந்த எங்களுக்கு இரத்தம் பழகிய காட்சி. மழைக்காலத்தில் காலை வகுப்பில் பாதிப் பேரின் வெள்ளைக் காலுறை அட்டைக் கடியால் சிவந்திருக்கும். அட்டையின் உமிழ்நீர் இரத்தத்தை உறைய விடாது. அது விழுந்த பிறகும் கடிவாய் நெடுநேரம் கசியும். உப்பு, சுண்ணாம்பு, புகையிலை என்று லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஆளுக்கொரு வைத்தியம் இருந்தது. விஞ்ஞான ஆசிரியரோ அட்டையின் ஒடுங்கிய முனையில் நகத்தை நுழைத்துத் தள்ளிவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்வார்.

எங்கள் முதலுதவிக் குழுவும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்தில் கோப்பித்தூள் அப்பிக்கொண்டு வருபவர்களைப் பற்றிப் பேசினாலே அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தூள் அழுக்கைத்தான் உள்ளே சேர்க்கும், அதைக் கழுவி எடுப்பது தையல் போடுகிறவருக்கு இரட்டை வேலை என்பார். "சுத்தமான துணியை வை. உள்ளங்கையால் அழுத்து. பத்து நிமிடம் கையை எடுக்காதே. நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வை. தூக்கிப் பார்க்காதே!" பார்த்தால் அப்போதுதான் உறையத் தொடங்கிய இரத்தம் கலைந்துவிடும். கண்ணாடி குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. இரு பக்கமும் துணியால் அணை கொடுத்துக் கட்ட வேண்டும். மூக்கில் இரத்தம் வந்தால் அண்ணாந்து படுக்க வைப்பது ஊர் வழக்கம். அவர் முன்பக்கம் குனிய வைத்து மூக்கின் மென்மையான பகுதியைப் பிடிக்கச் சொல்வார். மண் பட்ட காயத்துக்கு ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசி போடாமல் யாரையும் விடமாட்டார்.

இலண்டனில் வேலைக்காக மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை முதலுதவிச் சான்றிதழைப் புதுப்பிக்கிறேன். அவர் சொன்னவற்றில் ஏறக்குறைய எல்லாமே இன்றும் பாடத்தில் இருக்கின்றன. மாறியது, இரத்த ஓட்டத்தையே நிறுத்தும்படி கை, காலை இறுக்கிக் கட்டும் இறுக்குக் கட்டு (tourniquet) ஒன்றுதான். கை, காலையே இழக்க நேரும், அதனால் அது கடைசி வழி, கட்டினாலும் இடைக்கிடை தளர்த்த வேண்டும் என்று அன்று படித்தோம். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அனுபவம் அந்தப் பயத்தைக் குறைத்துவிட்டது. கையிலோ காலிலோ பீறிடும் இரத்தம் அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் மேலே, மூட்டைத் தவிர்த்து, இறுகக் கட்ட வேண்டும். கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும். மருத்துவமனை சேரும்வரை தளர்த்தக் கூடாது.

இந்தப் புதிய பாடம் இலண்டனைவிட நமது மலைகளுக்கே அதிகம் தேவை என்பது என் எண்ணம். 2017இல் டிக்கோயாவில் புதிய மருத்துவமனைக் கட்டடம் திறக்கப்பட்டது. 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸும் வருகிறது. ஆனால் தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கு லயத்திலிருந்து தார் வீதிக்கு இறங்கும் பாதையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. தோட்ட லொறி கிடைக்கும்வரை கையை அழுத்திப் பிடிக்க ஒருவர் வேண்டும்.

எங்கள் பழைய மாணவர் சங்கம் இவ்வாண்டு பாடசாலைக்கு முதலுதவிப் பெட்டி அனுப்பப் போவதாக அறிந்தேன். பஞ்சுச் சுருளைக் குறையுங்கள், அதன் இழை காயத்தில் ஒட்டும். கோஸ் துணி, அகலமான பண்டேஜ், கையுறை ஆகியவற்றைக் கூட்டுங்கள். ஆயத்த இறுக்குக் கட்டுகள் சிலவற்றையும் சேர்த்து, அவற்றைக் கட்டிப் பழக்க ஒருவரையும் அனுப்பினால் அந்தச் செலவில் ஒரு பங்கு என்னுடையது.